பின்களுக்குப் பின்னால்

கனமான பந்தை உருட்டிப் பத்துப் பின்களை விழுத்தும் பௌலிங் விளையாட்டுக் கூடம் ஒன்றில் நான் ஏழு ஆண்டுகள் வேலை செய்தேன். அதைப் பிரிக்கப் போகிறார்கள் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர், அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொண்ட, நாங்கள் "நானா" என்று அழைத்த மூத்தவர். ஒரு புதன்கிழமை இரவு தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, சனிக்கிழமை லொறி வருது. ஏதும் வேணுமென்டா வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து எடுங்க." அவ்வளவுதான் சொன்னார். 2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டத்தோடு பூட்டப்பட்ட அந்த இடம், பிறகு ஒருநாள்கூடத் திறக்கப்படவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றதையும், உதிரிப்பாகம் எதையும் டொலர் கொடுத்து இறக்க முடியாமற் போனதையும் பார்த்த உரிமையாளர், அந்த ஆண்டு முடிவதற்குள் கட்டடத்தைக் கையளித்துவிட முடிவு செய்திருந்தார்.

வியாழக்கிழமை காலை அலுவலகத்துக்கு விடுமுறை சொல்லிவிட்டுப் போனேன். போனவுடன் நான் கையில் எடுத்தவை வாசற் பெயர்ப்பலகை, கண்ணாடி அலுமாரியில் இருந்த நான்கு வெற்றிக் கேடயங்கள், ஒரு சோடி வாடகைச் சப்பாத்து, நிறம் மங்கிய ஒரு பந்து ஆகியவை. அவற்றை வாசலில் வரிசையாக அடுக்கிவிட்டு, பெரிய காரியம் செய்து முடித்தவனைப் போல நின்றேன். நானா அவற்றைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கடையில விக்கிற சாமான். நம்மட இடத்துச் சாமான் பின்னால கிடக்குது" என்றார். அந்தக் காலையை நான் வீணாக்கினேன் என்று இப்போது தெரிகிறது. உலகத்தில் எந்தப் பௌலிங் கூடத்திலும் காணக்கூடிய பொருட்களைச் சேர்த்துவிட்டு, அந்த ஒரு கூடத்தில் மட்டும் இருந்தவற்றை லொறிக்கு விட்டுவிடப் பார்த்திருக்கிறேன்.

வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. கொழும்பில் பௌலிங் என்றால் பத்துப் பேரில் ஒன்பது பேர் கிரிக்கெட்டைத்தான் நினைப்பார்கள். 1994இல் எனக்கு அங்கே வேலை கிடைத்தபோது, வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த வீட்டின் கீழ்த்தளத்து ஐயா, "வேகப்பந்தா, சுழலா?" என்று உண்மையாகவே கேட்டார். இந்தக் குழப்பத்தின் பலனைப் பிற்காலத்தில் நூலகத்தில் அனுபவித்தேன். பழைய பத்திரிகைகளில் அந்தச் சொல்லைத் தேடிய இடமெல்லாம் ஓவர்களும் விக்கெட்டுகளுமே வந்து நின்றன. விளையாட்டுப் பக்கங்களைக் கைவிட்டு, விடுமுறைக் காலத்து விளம்பரங்களையும் பிறந்தநாள் விருந்து பற்றிய அறிவித்தல்களையும் பார்க்கத் தொடங்கிய பின்னரே எங்கள் இடம் அகப்பட்டது. வீரகேசரி 1930இலிருந்தும் தினகரன் 1932இலிருந்தும் வெளிவருகின்றன. அவற்றின் பழைய தொகுதிகளைக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் பார்க்கலாம். பாடசாலை விடுமுறை தொடங்கும் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களை முதலில் புரட்டுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

எங்கள் கூடத்தில், பந்தை உருட்டும் நீண்ட மரத்தளங்களான லேன்கள் எட்டு இருந்தன. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் குறுக்குத்தெரு ஒன்றில் அது இருந்தபடியால், உப்புக்காற்றில் எந்த இரும்பும் இரண்டு ஆண்டுகளைத் தாண்டித் துருப்பிடிக்காமல் நின்றதில்லை. நான் முன்பக்கக் கவுன்டரில் இருந்தேன். சப்பாத்துக் கொடுப்பது, காசு வாங்குவது, பந்தை விடும் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பிள்ளைகள் லேனுக்குள் ஓடாமல் பார்ப்பது ஆகியவையே என் வேலை. வாடிக்கையாளர்கள் பார்த்தது பளபளக்கும் லேனையும் அதன் மறுமுனையில் நிற்கும் பத்துப் பின்களையும் மட்டுமே. பந்து பின்களைத் தட்டிவிட்டு இருட்டுக்குள் விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை அவர்கள் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால், முதல் ஆறு மாதம் நானும் பார்த்ததில்லை.

அந்த இருட்டுக்குப் பின்னால், ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பி நடக்கக்கூடிய அளவு ஒடுங்கிய ஒரு நடைபாதை எட்டு மெஷின்களின் முதுகையும் தொட்டுக்கொண்டு போகும். விழுந்த பின்களைப் பட்டி ஒன்று பின்னுக்கு இழுக்கும். சக்கரம் ஒன்று அவற்றை மேலே தூக்கும். மேலே ஒவ்வொன்றும் தன் கிண்ணத்தில் போய் விழுந்த பிறகு, பத்தும் ஒன்றாகக் கீழிறங்கி நிற்கும். இதைக் கையால் செய்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் பின் அடுக்கும் சிறுவர்களை வைத்தே நெடுங்காலம் விளையாட்டு நடந்தது. தானாக அடுக்கும் இயந்திரம் 1946இல் பஃபலோ நகரில் காட்சிக்கு வந்து, 1950களில்தான் பரவியது. எங்களுடைய மெஷின்களை உரிமையாளர் பாவித்தவையாக வாங்கியிருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கேயிருந்து என்பதுதான் யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை பின்னேரம் நானா டோர்ச் அடித்துக் காட்டிய இடத்தில், நான்காம் மெஷினின் உட்பக்கத்தில், கிறீஸ் படிந்த ஒரு ஒட்டுத்தாள் ஜப்பானிய எழுத்துகளோடு இருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழ வைத்துப் படம் எடுத்தேன். ஜப்பானில் 1970களின் தொடக்கத்தில் பௌலிங் ஒரு பித்தாகவே இருந்தது. 1972இல் மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட கூடங்கள் அங்கே இயங்கி, பிறகு சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலானவை மூடப்பட்டன. மூடப்பட்ட இடம் ஒன்றின் மெஷின்தான் எங்களிடம் வந்ததா என்று அந்த ஒட்டுத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாளும் மெஷினின் இலக்கத் தகடும் படமாக இருக்கும்வரை, யாராவது ஒருநாள் தேடிப் பார்க்கலாம். ஆகவே இயந்திரம் எதுவானாலும், அதன் முழு உருவத்தை எடுப்பதற்கு முன் தகட்டையும் ஒட்டுத்தாள்களையும் எடுங்கள். முழு உருவத்துக்குப் பிரசுரங்களில் படம் கிடைக்கும்.

அந்த நடைபாதையின் கோடியில், எண்ணெய் ரின்களுக்கு மேலே, கம்பியில் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தவைதான் லொக் புத்தகங்கள். மொத்தம் பதினொன்று. அவற்றை நான் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறேன்; ஒருநாளும் திறந்ததில்லை. மெஷின் நின்ற நேரம், நின்ற காரணம், மாற்றிய பாகம், மாற்றியவரின் கையெழுத்து ஆகியவற்றை எழுதும் சாதாரணக் கோடிட்ட புத்தகங்கள் அவை. இரவு முறை ஆட்கள் சிங்களத்தில் எழுதியிருந்தார்கள். நானா தமிழில் எழுதியிருந்தார். பாகங்களின் இலக்கம் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. 1996இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் வற்றிய மாதங்களில் பக்கம் பக்கமாக "கரண்ட் இல்லை, எட்டும் நின்றது" என்ற ஒரே வரிதான். அதே ஆண்டில் சில நாட்களுக்கு நேரே "ஆள் வரவில்லை" என்று இருக்கிறது. அந்த நாட்களை நான் நினைவில் வைத்திருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வீடு போகும்போது, அடையாள அட்டையோடு கூடத்தின் கடிதத் தலைப்பில் எழுதி வாங்கிய ஒரு கடிதத்தையும் சட்டைப்பையில் வைத்திருப்பேன். போர்க்காலச் சோதனைச்சாவடியில் அந்தக் கடிதத்தைக் காட்டும்போது "பௌலிங்" என்ற சொல்லைப் பார்த்துச் சிப்பாய் சிரித்தால் அன்றைக்குப் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். கேடயங்களில் இல்லாத ஒரு கொழும்பு அந்தப் பதினொரு புத்தகங்களில் இருந்தது. பழைய கடதாசிக்காரர் அவற்றையும் நிறுத்துதான் வாங்கியிருப்பார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் லேனோடு போயிற்று. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மர லேன் ஒன்றைப் பிரிப்பதை இனிமேல் அதிகம் பேர் பார்க்கப் போவதில்லை. இப்போதைய இடங்களில் செயற்கைப் பரப்புத்தான். கோட்டிலிருந்து முதலாவது பின் வரை 60 அடி. அகலம் ஏறத்தாழ 41½ அங்குலம். அந்த அகலத்துக்குள், ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய அகலமுள்ள 39 பலகைகள் விளிம்பில் நிறுத்தி ஒன்றோடொன்று ஆணியடிக்கப்பட்டிருக்கும். பந்து வந்து விழும் முதல் 15 அடிக்கும் பின்கள் நிற்கும் இடத்துக்கும் கடினமான மேப்பிள். பந்து வெறுமனே உருளும் இடைப்பகுதிக்கு மென்மையான பைன். மேப்பிளும் பைனும் சந்திக்கும் இடத்தில் பலகைகள் ஒன்றுவிட்டு ஒன்று நீண்டும் குறுகியும், இரண்டு கைகளின் விரல்களைக் கோத்தாற்போல இருக்கும். அதையொட்டித்தான் குறி பார்ப்பதற்கான ஏழு அம்புகளும் பதிக்கப்பட்டிருக்கும்.

லேன் பலகையை மேசை செய்வதற்காகத் தச்சு பாஸ் ஒருவர் மொத்தமாக விலைபேசியிருந்தார். அவரிடம் நான் கேட்டது அந்தச் சந்திப்பில் மூன்று அடி நீளத் துண்டு ஒன்று. "ஏன், நடுவில நல்ல பலகை தாறன்" என்றார். நடுவில் வெட்டினால் அது வெறும் பலகை. எங்கே வெட்டினாலும் அதே மரம்தான். சந்திப்பில் வெட்டினால், லேன் எப்படிக் கட்டப்பட்டது என்பதை ஒரு துண்டே சொல்லிவிடும். அவருடைய பற்றரி மின்வாள் மூன்றாவது பலகையிலேயே ஆணியில் மோதிப் பல் உடைந்தது. பிறகு ஆணி எங்கெங்கே இருக்கிறது என்று காந்தத்தை நகர்த்திப் பார்த்து, சோக்கால் குறித்து, இடைவெளியில் கைவாளால் அறுத்தோம். மூன்று மணிநேரம் எடுத்தது. இரண்டு பேர் தூக்கினால்தான் அசையும் அந்தத் துண்டின் கீழ்ப்பக்கத்தில் லேன் இலக்கம், எந்த முனை விளையாடுபவர் பக்கம், வெட்டிய திகதி மூன்றையும் அறுப்பதற்கு முன்னரே அழியாத மையால் எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை நான் செய்தவற்றுள் முழுமையாகச் சரியாக அமைந்தது அது ஒன்றே என்று சொல்வேன். கழற்றி வைத்த பிறகு எல்லாத் துண்டுகளும் ஒன்றுபோலவே தெரியும்.

கடதாசிகளில் நான் செய்த தவறு இன்றும் உறுத்துகிறது. தொடக்கத்தில் புள்ளிகளைக் கையால் எழுதினோம். பின்னர் கணினி வந்து, ஆட்ட முடிவில் வெப்பத்தாளில் அச்சடித்துக் கொடுத்தது. ஒரு ஆட்டத்தில் பெறக்கூடிய உச்சப் புள்ளி 300; எங்கள் இடத்தில் யாரும் அதை எட்டவில்லை, ஆனால் 200ஐத் தாண்டியவர்களின் தாளில் ஒரு பிரதியைச் சுவரில் குத்துவது வழக்கம். அப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட தாள்களைச் சுவரிலிருந்து பத்திரமாகக் கழற்றி, பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகும் வழியில் ஒரு அல்பம் வாங்கி, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்து, வீட்டில் அலுமாரிக்கு மேலே வைத்தேன். எட்டு மாதம் கழித்துத் திறந்தபோது பாதிக்கு மேல் வெள்ளைத்தாள். வெப்பத்தாளில் இருப்பது மை அன்று. சூடுபட்டால் கறுக்கும் ஒரு பூச்சு. பி.வி.சி. உறையிலுள்ள மென்மையாக்கிகள் அந்தப் பூச்சை அழித்துவிடும். ஓட்டுக்குக் கீழுள்ள அலுமாரியின் வெக்கை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வெப்பத்தாள் கையில் கிடைத்த அன்றே ஸ்கேன் செய்யுங்கள். மூலத்தைச் சாதாரண வெள்ளைக் கடதாசி உறையில், குளிர்ச்சியான இருட்டில் வையுங்கள். கையால் எழுதிய பழைய தாள்கள் ஒன்றும் ஆகாமல் அப்படியே இருக்கின்றன என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பற்றுச்சீட்டுகளையும் விளம்பரத் துண்டுகளையும் திகதி இல்லையென்று எறிந்துவிடாதீர்கள். நம் நாட்டில் அவற்றுக்குக் காலம் சொல்ல இரண்டு எளிய வழிகள் உண்டு. முதலாவது வரி: பொருட்கள் சேவைகள் வரி 1998 ஏப்ரலில் வந்தது, 2002 ஆகஸ்டில் அதன் இடத்துக்குப் பெறுமதி சேர் வரி வந்தது. சீட்டில் முதலாவது அச்சாகியிருந்தால் ஏறத்தாழ நான்கு ஆண்டு வட்டத்துக்குள் வந்துவிடலாம்; இரண்டாவது இருந்தால் அது 2002 ஆகஸ்டுக்குப் பிந்தியது. இரண்டாவது தொலைபேசி எண்: கொழும்பின் ஆறிலக்க எண்கள் 2003இல் முன்னால் 2 சேர்த்து ஏழிலக்கமாகின, 01 என்ற குறியீடு 011 ஆனது. திகதியில்லாத எங்கள் துண்டுப்பிரசுரம் ஒன்றில் அச்சடித்த ஆறிலக்க எண்ணின் தலையில் யாரோ பேனாவால் 2 போட்டிருக்கிறார்கள். அச்சடித்தது மாற்றத்துக்கு முன், கொடுத்தது மாற்றத்துக்குப் பின். மிஞ்சிய பிரசுரத்தைச் செலவழிக்கும் நம்மவர் சிக்கனமும் அதில் பதிவாகியிருக்கிறது.

ஈரம் பற்றி ஒரு வார்த்தை. கடலோரக் கொழும்பில் காற்றின் ஈரப்பதன் ஆண்டின் பெரும்பகுதி 75 சதவீதத்துக்கு மேல் நிற்கும். பூஞ்சணத்துக்கு அதைவிடக் குறைவாகவே போதும். வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும் குளிரூட்டிய அறை நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகாது. நான் செய்தது: லொக் புத்தகங்களை மின்விசிறிக் காற்றில் ஒரு வாரம் பக்கம் விரித்து வைத்தேன், வெயிலில் காட்டவில்லை. பிறகு இறுக்க மூடும் பெட்டிகளில் சிலிக்கா பொட்டலங்களோடு வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். இராமபாணப் பூச்சியைத் தடுக்கப் பெட்டியைத் தரையிலும் சுவரோடும் வைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பொருட்கள் வீட்டுக்கு வந்த பிறகு உரிமையாளர் குடும்பத்திடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கினேன். இன்னின்ன பொருட்களைத் தந்தோம், படம் எடுத்து வெளியிட ஆட்சேபம் இல்லை என்று. வாயால் சொன்னதே போதும் என்று முதலில் இருந்துவிட்டேன். இணையத்தில் "நூலகம்" என்ற எண்ணிம நூலகத்தை நடத்தும் நூலக நிறுவனத்தினர் 2005 முதல் நம் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறார்கள் என்பது பலருக்கும் தெரியும். அங்கே மட்டுமல்ல, எங்கே கொடுப்பதானாலும் முதற்கேள்வி அனுமதி பற்றியதாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் பௌலிங்குக்கென்றே ஒரு அருங்காட்சியகம் 1984இல் சென் லூயிஸில் திறக்கப்பட்டு, 2010 முதல் டெக்சாஸின் ஆர்லிங்டனில் இருக்கிறது. மெஷினின் பொதுவான வரலாறு அங்கே பத்திரமாக இருக்கும். எட்டு லேன் கூடம் ஒன்றின் தமிழ்-சிங்கள லொக் புத்தகத்தை நாம்தான் வைத்திருக்க வேண்டும்.

அந்தப் புத்தகங்களைத் தட்டச்சு செய்யத் தொடங்கியபோது ஒரு வரி என்னைத் தடுமாறச் செய்தது. "இன்றும் மாமியார் சண்டை. இரண்டு மணிநேரம்." சில பக்கங்கள் தள்ளி, "மாமியாருக்கு எண்ணெய் போட்டது." யாரோ தன் வீட்டுக் கதையை எழுதி வைத்திருக்கிறார் என்று நினைத்து அந்த வரிகளை விட்டுவிடவும் பார்த்தேன். நானாவின் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தார். ஏழாம் லேன் மெஷினுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. என்ன செய்தாலும் குறை சொல்லிக்கொண்டு நிற்கும் என்பதால். எட்டு மெஷின்களில் ஐந்துக்குப் பெயர் இருந்திருக்கிறது. ஏழு ஆண்டுகள் முன்பக்கத்தில் இருந்த எனக்கு ஒன்றும் தெரியாது.

அதற்குப் பிறகு நான் பேட்டி எடுக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எல்லோரும் மேடைப்பேச்சு போல நல்லதாக நான்கு வாக்கியம் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். கையில் ஒரு தேய்ந்த பெல்ட்டையோ கழுத்து உடைந்த பின்னையோ கொடுத்தால் அரைமணிநேரம் பேசுகிறார்கள். அதோடு, லொக் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து வரிவரியாகக் கேட்டால், யாருடைய கையெழுத்து, அவர் எங்கே போனார், ஏன் அன்றைக்கு வரவில்லை என்பதெல்லாம் தானாக வருகிறது. சிலர் சொன்னவற்றைப் பதிவு செய்தேன், ஆனால் வெளியிடவில்லை. போர்க்காலத்தில் ஒருவர் ஏன் வேலைக்கு வரவில்லை என்பதை அவருடைய குடும்பத்தைக் கேட்காமல் வெளியே போட எனக்கு உரிமை இல்லை.

ஒன்று மட்டும் கைநழுவிப் போயிற்று. பிரிப்பதற்கு முன்னரே கட்டடத்தின் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தபடியால், மெஷின்கள் ஓடும் சத்தத்தை என்னால் பதிவு செய்ய முடியவில்லை. சனிக்கிழமை அவை துண்டுதுண்டாகப் பஞ்சிகாவத்தைக்குப் போய்விட்டன. அடுத்த ஆண்டு, பழைய வாடிக்கையாளர்களிடம் பிறந்தநாள் விருந்து வீடியோக்கள் இருக்குமா என்று கேட்டு அலைந்ததில் மூன்று நாடாக்கள் கிடைத்தன. இரண்டு பூஞ்சணம் பிடித்தவை. மூன்றாவதைக் கணினிக்கு மாற்றி, நானாவின் வீட்டில் போட்டுக் காட்டினேன். திரையில் பிள்ளைகள் கேக் வெட்டுகிறார்கள், யாரோ ஒரு அக்கா பாட்டுப் பாடச் சொல்கிறா, மூலையில் திகதி மின்னுகிறது. நானா படத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "கொஞ்சம் பின்னுக்குப் போடுங்க" என்றார். திரும்பப் போட்டேன். பாட்டுக்கு அடியில், ஒழுங்கான உறுமலுக்கு நடுவே, ஏதோ ஒன்று விட்டுவிட்டுக் கீச்சிட்டது.

"மாமியார்" என்றார். "பெல்ட் சறுக்குது."

வீட்டுக்கு வந்து, திரையில் இருந்த திகதியை வைத்து ஆறாவது புத்தகத்தைத் திறந்தேன். அன்றைய திகதிக்கு நேரே ஒன்றும் இல்லை. இரண்டு நாள் தள்ளி, சிங்களத்தில் ஒரு வரி: ஏழு, பெல்ட் மாற்றியது.